இட்டுக்கட்டிப் பேசுகிறவள்

தமிழில் 'இட்டுக்கட்டுதல்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. எழுதிவைக்காத பாட்டை நின்ற இடத்திலேயே கட்டிப் பாடுவது ஒன்று. நடக்காததை நடந்ததாகச் சொல்வது இன்னொன்று. நடவு வயலில் ஒருத்தி பாட்டை இட்டுக்கட்டினால் ஊர் நின்று கேட்கும். அவளே தனக்கு வீட்டில் நடந்ததை வெளியில் வந்து சொன்னால், "இட்டுக்கட்டிப் பேசுறா" என்று அதே ஊர் அவள் வாயை அடைக்கும். பெண்ணின் கற்பனைக்கு வைத்த பெயரையே அவளுடைய சாட்சியத்தை மறுக்கவும் எடுத்துக்கொள்ளும் மொழி நம்முடையது.

இந்தக் கட்டுரை முதல் பொருளின் வரலாற்றைப் பற்றியது. ஒத்திகையும் எழுதிய வசனமும் இல்லாமல், எதிரில் நிற்பவரின் சொல்லைப் பிடித்து உடனே பதில் கட்டுவதை நாடகப் பயிற்சியில் 'இம்ப்ரவைசேஷன்' என்கிறார்கள். இன்று அது மாணவர்களின் மனநலத்துக்கான பயிற்சியாகவும் கல்லூரிகளுக்குள் வருகிறது. பெரும்பாலும் 'ஆளுமை மேம்பாடு' என்ற பெயரில், வெளிநாட்டுச் சரக்காகத்தான் வருகிறது. போடிநாயக்கனூரையும் அதை ஒட்டிய ஏலமலைச் சரிவுகளையும் சேர்ந்த பெண்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் நான். இந்தப் பயிற்சி யாரிடமிருந்து வந்தது, யார் கைக்குப் போனது, யாருடைய மனநிம்மதிக்காகப் பயன்பட்டது என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் அதை என் வகுப்புக்குள் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை.

குடியேறிகளின் பிள்ளைகளுக்காக

1889இல் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவின் ஏழைக் குடியேறிகள் வாழ்ந்த பகுதியில் 'ஹல் ஹவுஸ்' என்ற சமூக இல்லத்தைத் தொடங்கினார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர் குடும்பங்கள் அங்கே மொழி கற்றன, குழந்தைகளை விட்டுச்சென்றன, கூடிப் பேசின. அங்கே பணியாற்றிய நீவா பாய்ட் என்ற பெண் குழந்தைகளின் விளையாட்டைக் கல்வியாகப் பார்த்தார். விளையாடும் குழந்தை விதியை ஏற்கிறது, அடுத்தவரைக் கவனிக்கிறது, தன் பயத்தைக் கொஞ்ச நேரம் மறக்கிறது என்பது அவர் கண்டது. 1920களில் அவரிடம் பயின்றவர் வயோலா ஸ்போலின். 1906இல் சிகாகோவில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர்.

1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் அமெரிக்க அரசு வேலையற்றோருக்காக நடத்திய திட்டத்தில் ஸ்போலின் நாடகப் பொறுப்பாளராக இருந்தார். அவர் முன்னால் இருந்தவர்கள் பொதுவான மொழியோ பழக்கவழக்கமோ இல்லாத குடியேறிகளும் அவர்கள் பிள்ளைகளும். அவர்களிடம் வசனத்தைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் வேலைக்கு ஆகாது. எனவே விளையாட்டுகளை உருவாக்கினார். இருவர் எதிரெதிரே நின்று ஒருவர் அசைவை மற்றவர் கண்ணாடிபோல் காட்டுவது, அர்த்தமில்லாத ஒலிகளிலேயே ஒரு கதையைச் சொல்வது போன்ற பயிற்சிகள் அப்படிப் பிறந்தவை. 1963இல் அவை நூலாக வந்தன. அந்த நூலின் தொடக்கத்திலேயே அவர் ஒரு கருத்தை வலியுறுத்துகிறார்: பாராட்டுக்கு ஏங்குவதும் கண்டனத்துக்கு அஞ்சுவதும் பழகிப்போனவர் தன் அனுபவத்தைத் தானே தொட முடியாமல் போகிறார்.

ஸ்போலினின் மகன் பால் சில்ஸ் 1959இல் 'செகண்ட் சிட்டி' என்ற நகைச்சுவை நாடகக் குழுவை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார். அம்மாவின் விளையாட்டுகள்தான் அதற்கு அடித்தளம். ஆனால் இந்தக் கலையின் கதை இன்று பெரும்பாலும் அந்த மேடையில் தொடங்கிப் புகழ்பெற்ற ஆண் நகைச்சுவையாளர்களின் பெயர்களோடு முடிகிறது. ஏழைப் பிள்ளைகளின் விளையாட்டு அறையில் இரண்டு பெண்கள் செய்த வேலை முன்னுரையில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. சமையலறைக்கும் ஹோட்டலுக்கும் இடையில் நடப்பது இங்கேயும் நடந்திருக்கிறது.

பார்பரா யாருக்காகக் குணமானாள்?

இட்டுக்கட்டும் நாடகத்தை நேரடியாக மனநல சிகிச்சையாக மாற்றியவர் ஜேக்கப் மொரேனோ. 1920களின் தொடக்கத்தில் வியன்னாவில் எழுதிய நாடகம் இல்லாத ஓர் அரங்கை நடத்தினார். பின்னால் அமெரிக்காவுக்குச் சென்று 'சைக்கோடிராமா' என்ற முறையை வளர்த்தார். அதன் பிறப்பைப் பற்றி அவரே எழுதிய சம்பவம் ஒன்று பிரபலமானது. அவருடைய அரங்கில் பார்பரா என்றொரு நடிகை மென்மையான, புனிதமான பெண் வேடங்களில் நடித்து வந்தாள். மேடையில் இவ்வளவு சாந்தமான பெண் வீட்டில் கோபக்காரியாக, அடிக்கவும் செய்கிறவளாக இருக்கிறாள் என்று அவள் கணவன் மொரேனோவிடம் வந்து சொன்னான். மொரேனோ அவளுக்குத் தெருவில் நிற்கும் முரட்டுப் பெண்ணின் வேடத்தைக் கொடுத்தார். மேடையில் அவள் கத்தினாள், ஏசினாள், உதைத்தாள். வீட்டில் அவள் கோபம் தணிந்தது என்கிறார் மொரேனோ.

உளவியல் மாணவர்களுக்கு இது ஒரு வெற்றிக் கதை. எனக்கு இதில் இடறும் இடம் ஒன்று உண்டு. புகார் கொண்டுவந்தவன் கணவன். குணமானது யாருடைய கண்ணில்? பார்பராவுக்கு ஏன் கோபம் வந்தது என்று கேட்டவர் யார்? மேடையில் கோபத்தைக் கொட்டிவிட்டு வீட்டில் அமைதியாக இருக்கப் பழகுவது சிகிச்சையா, சமரசமா?

மாணவிகளின் மனநலம் என்று நாம் பேசும்போதும் இந்தக் கேள்வி கூடவே வர வேண்டும். படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசும் வீட்டில் ஒரு பெண் பதற்றத்தோடு இருந்தால், பதற்றத்தை மட்டும் குறைத்து அவளை அதே வீட்டுக்கு அனுப்புவது பார்பராவின் கணவனுக்குச் செய்த சேவையைப் போன்றதுதான்.

வள்ளியின் தர்க்கம்

சிகாகோவுக்கும் வியன்னாவுக்கும் போகாமலேயே இந்தக் கலையை அறிந்த பெண்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. மதுரை வட்டாரத்தில் இன்றும் கோவில் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் காமிக், பின்பாட்டு என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒப்பந்தமாகி வருவார்கள். அவர்களுக்கு ஒத்திகையும் இல்லை, இயக்குநரும் இல்லை. ஒருவரை ஒருவர் மேடையிலேயே சந்தித்து, இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை நடத்துவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்கள் அடிப்படையாக இருக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும் பேச்சு அன்றைக்கு, அந்த ஊருக்கு, அந்த எதிராளிக்கு ஏற்பப் பிறக்கும்.

'வள்ளி திருமண'த்தில் நாரதரோடும் வேடனாக வரும் முருகனோடும் வள்ளி நடத்தும் தர்க்கம்தான் கூட்டம் காத்திருக்கும் பகுதி. வள்ளி யார்? மலைச்சரிவில் தினைப்புனம் காக்கும் உழைக்கும் பெண். தமிழ் மேடையில் அதிகம் வாதாடும் பெண் ஒரு மலைக்காட்டுக் காவல்காரி என்பது எங்கள் மாணவிகளுக்கு நான் தவறாமல் சொல்லும் செய்தி. அந்த வேடத்துக்கு வரும் நடிகை புராணமும் இலக்கணமும் சிலேடையும் அறிந்திருக்க வேண்டும். எதிரில் நிற்கும் ஆண் நடிகர் எந்தத் திசையில் இழுத்தாலும் விழாமல் நிற்க வேண்டும்.

அந்த நடிகைக்கு ஊர் கொடுத்த மரியாதை என்ன? அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர் 1990களில் இந்தக் கலைஞர்களிடையே ஆய்வு செய்து 2005இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'களங்கம்' என்ற பொருள்படும் சொல் இருக்கிறது. இரவில் வெளியே போகிறவள், அந்நிய ஆண்களோடு மேடையில் பேசுகிறவள் என்ற வசவை அவர்கள் வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறார்கள். பெண் உடனடியாகப் பதில் சொல்லும் திறமை, 'வாயாடி' என்ற சொல்லுக்குள் தள்ளப்பட்ட திறமை.

இழவு வீட்டின் அனுமதி

சாதாரணப் பெண்ணுக்கு ஊர் அனுமதித்த மேடை இழவு வீடு. ஒப்பாரிக்கு மெட்டும் உருவகங்களும் தாய்வழி வரும். இறந்தவரைப் பற்றிய செய்தியும் பாடுகிறவளின் சொந்தத் துயரமும் அங்கேயே இட்டுக்கட்டப்படும். மாமியார் சாவில் மருமகள் தன் பிறந்த வீட்டை நினைத்து அழுவாள். சொத்தில் பங்கு தராத அண்ணனை அவன் காதுபடவே பாட்டில் வைத்துச் சொல்வாள். அழுகை என்ற போர்வைக்குள் இருப்பதால் யாரும் குறுக்கிட மாட்டார்கள். ஒருத்தி மூச்சு வாங்கும்போது தோளைக் கட்டிக்கொண்டிருக்கும் அடுத்தவள் வரியை எடுத்துக்கொள்வாள்.

நாட்டார் பாடல்களைத் தொகுத்த நம் அறிஞர்கள் பெரும் பணி செய்திருக்கிறார்கள். ஆனால் அச்சில் ஏறியபோது ஒப்பாரி 'பாடம்' ஆகிவிட்டது. அது ஒரு செயல் என்பதும், கூட்டாகச் செய்யும் மனநலக் காப்பு என்பதும் பாடத்திட்டத்தில் இல்லை. தேர்வில் 'ஒப்பாரி குறிப்பு வரைக' என்று கேட்கிறோம்.

அரங்குக்கு வந்த பெண்கள்

1970களின் இறுதியில் தமிழ்நாட்டில் நவீன நாடகம் வேகம் எடுத்தது. 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் போன்றோர் நடத்திய பட்டறைகள், வங்கத்து பாதல் சர்க்காரின் பயிற்சி ஆகியவை வழியே உடற்பயிற்சியும் இட்டுக்கட்டும் பயிற்சியும் நம் நாடகக்காரர்களுக்கு அறிமுகமாயின. அந்தப் பட்டறைகளில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள்.

1993இல் தொடங்கிய 'மௌனக் குரல்' அமைப்பின் வழியே அ. மங்கை செய்த வேலை இந்த இடத்தில் முக்கியமானது. பெண் சிசுக்கொலையைப் பற்றிய 'பச்ச மண்ணு' நாடகம் சடங்குகளையும் பாட்டையும் எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போனது. 1980களில் சிசுக்கொலைச் செய்திகளால் நாடு முழுக்கப் பேசப்பட்ட உசிலம்பட்டி, மதுரையிலிருந்து போடிக்கு வரும் அதே சாலையில்தான் இருக்கிறது. என் மாணவிகளின் அம்மாக்கள் பிறந்து தப்பித்த காலம் அது.

கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் இந்த வேலை இன்னும் நெருக்கடியான சூழலில் நடந்தது. 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். போர் முற்றிய ஆண்டுகளில் அவருடைய 'அன்னை இட்ட தீ' போரால் சிதைந்த மனங்களைப் பற்றிப் பேசியது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர் தந்த உளப்பாதிப்பை ஆராய்ந்து எழுதினார். 'மனவடு' என்ற தமிழ்ச் சொல் அந்தச் சூழலில்தான் பரவியது. க. சிதம்பரநாதன் போன்றோர் இளைஞர்களோடும் குழந்தைகளோடும் விளையாட்டு, பாட்டு, இட்டுக்கட்டும் காட்சிகள் வழியே வேலை செய்தார்கள். மருத்துவமனைக்கு வராத துயரம் அரங்குக்கு வரும் என்பதை நம் மொழியிலேயே, குண்டு விழும் ஊரில், செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஏலமலைச் சரிவில்

போடியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் விடியற்காலையில் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்குப் போகின்றன. ஏலச்செடியின் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும். காய் எடுப்பவள் நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் இருக்க வேண்டும். எல்லாக் காயும் ஒன்றாக முற்றுவதில்லை. ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு சுற்று எனப் பருவம் முழுக்க வேலை இருக்கும். அம்மா ஜீப்பில் ஏறியபின் வீட்டின் அம்மா மூத்த மகள்தான். சமைத்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவள் கல்லூரிக்கு வருகிறாள். பெற்றோர் தோட்டத்து லயத்திலேயே தங்கியிருந்தால் போடியில் அம்மாச்சி வீட்டில் இருந்து படிக்கிறாள்.

இவர்கள் 'மன அழுத்தம்' என்று சொல்ல மாட்டார்கள். "ஒரு மாதிரியா இருக்கும்மா" என்பார்கள். தலைவலி, மயக்கம், தேர்வுக்கு முந்தைய நாள் வயிற்றுவலி என்று உடல்தான் முதலில் பேசும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். ஒரு தேர்வு, ஒரு கைப்பேசி, ஒரு காதல் என்று அந்த மரணங்களுக்கு ஒற்றை வரிக் காரணம் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

வாரம் ஒரு மணி நேரம், பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு நாங்கள் செய்யும் பயிற்சிகளில் மூன்றைச் சொல்கிறேன்.

தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளான நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை ஆகியவற்றைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுவோம். எடுத்தவள் அந்த மெய்ப்பாட்டோடு அறைக்குள் நடந்து வர வேண்டும். அழுகையும் அச்சமும் எல்லாருக்கும் உடனே வந்துவிடும். பெருமிதத்தை எடுத்தவள் சிரித்து முகத்தை மூடிக்கொள்வாள். வெகுளியை எடுத்தவள் யாரையாவது நடித்துக்காட்டுவாள். பெரும்பாலும் அது அப்பா. தன் கோபம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அந்த இரண்டு சீட்டுகளோடுதான் நாங்கள் அதிக வாரங்களைச் செலவிடுகிறோம்.

இரண்டாவது, மறுக்கும் பயிற்சி. உலகெங்கும் இம்ப்ரவைசேஷன் வகுப்பில் சொல்லித்தரும் முதல் விதி, எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் "ஆமாம், அப்புறம்" என்று ஏற்றுத் தொடர வேண்டும் என்பது. பிறந்ததிலிருந்து ஆமாம் மட்டுமே சொல்லி வளர்ந்தவளுக்கு அதைப் பயிற்சியாகக் கொடுக்க நான் விரும்பவில்லை. எங்கள் வகுப்பில் "மாட்டேன்" முதலில் வரும். ஒருத்தி ஏதாவது கேட்க, மற்றவள் பத்து விதமாக மாட்டேன் என்று சொல்ல வேண்டும். "அம்மா வையும்", "அண்ணனுக்குப் பிடிக்காது" என்று அடுத்தவர் மேல் பழிபோட்டு மறுக்கக்கூடாது. இந்தச் சின்ன நிபந்தனையிலேயே பலர் தடுமாறி நிற்கிறார்கள். மாட்டேன் பழகியபின் சொல்லும் ஆமாமுக்குத்தான் மதிப்பு.

மூன்றாவது, பொருளுக்கு ஒப்பாரி. தொலைந்த பேனா, அறுந்த செருப்பு, அரியர் விழுந்த தாள் என்று ஏதாவது ஒன்றுக்குச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்போம். சிரிப்பாகத்தான் இருக்கும். ஒருமுறை ஒருத்தி உடைந்த கைப்பேசிக்கு வைத்தாள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, அதை யார் சுவரில் அடித்தார்கள் என்ற வரிக்குப் பாட்டு வந்தது. அறை அமைதியானது. பக்கத்தில் இருந்தவள் தோளைத் தொட்டு அடுத்த வரியை எடுத்துக்கொண்டாள். யாரும் விளக்கம் கேட்கவில்லை. சில வாரங்கள் கழித்து அவள் என் மேஜையருகே வந்து, "உங்ககிட்டப் பேசணும்மா" என்றாள். பேசியது அவளுக்குரியது.

2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்த் தேயிலைத் தொழிலாளப் பெண்கள் போனஸ் குறைப்பை எதிர்த்து, ஆண் தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். 'பெண்கள் ஒற்றுமை' என்று பொருள்படும் 'பொம்பிளை ஒருமை' என்ற பெயர் அப்போது பிறந்தது. ஒன்பது நாளில் அவர்கள் கேட்ட 20 சதவீதம் கிடைத்தது. அந்தக் கோஷங்களைத் தலைவர்கள் யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. என் மாணவிகளில் சிலருக்கு அந்தப் பெண்கள் அத்தை, சித்தி முறை. இட்டுக்கட்டும் ஆற்றல் இந்தச் சரிவில் பற்றாக்குறையாக இல்லை. அதற்கு வகுப்பறையில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

எது வரைக்கும்?

இந்தப் பயிற்சிகளுக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஃபெல்ஸ்மனும் சக ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இருபது நிமிட இம்ப்ரவைசேஷனே நிச்சயமின்மையைத் தாங்கும் மனத்தையும் மனநிறைவையும் கூட்டுவதாகக் கண்டார்கள். எழுதிய வசனத்தோடு செய்த பயிற்சியோடு ஒப்பிட்டுச் சொன்ன முடிவு அது. அதற்கு முன்பு டெட்ராய்ட் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வில் கூச்ச அச்சம் குறைந்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் இது மருந்துக்கு மாற்று இல்லை. தூக்கமின்றி, சாப்பாடின்றி, சாவைப் பற்றிப் பேசும் மாணவியை வட்டத்தில் உட்காரவைத்து விளையாடச் சொல்லக்கூடாது. அவளோடு கூடப் போக வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி கட்டணமின்றிக் கிடைக்கிறது. அந்த எண்ணை வகுப்புப் பலகையில் எழுதிவைப்பது எந்தப் பயிற்சிக்கும் முந்தைய வேலை. அடுத்து, பயிற்சியில் சேராமல் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. சொந்தத் துயரத்தை நடித்துக்காட்டு என்று யாரையும் கேட்கக்கூடாது. பேனாவுக்கு அழுதால் போதும். அறைக்குள் கைப்பேசிக் காமிரா வரக்கூடாது. அங்கே கேட்டதை ஆசிரியர் அறையில் பேசக்கூடாது. வீட்டுக்குத் தகவல் சொல்லக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு, அதையும் அவளிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.

கல்லூரிகளிடம் நாம் கேட்க வேண்டியவை எளியவை. கால அட்டவணையில் ஒரு மணி நேரம், மதிப்பெண் இல்லாமல். கண்காணிப்புக் காமிரா இல்லாத ஓர் அறை. பயிற்சி பெற்ற பெண் உளவியல் ஆலோசகர், ஆண்டுவிழாவுக்கு வந்துபோகிறவராக அல்லாமல் முழுநேரப் பணியில். நகரத்திலிருந்து ஆளுமைப் பயிற்சியாளரை அழைக்கும் அதே செலவில், மதுரையிலிருந்து ஒரு ஸ்பெஷல் நாடக நடிகையை ஆசிரியராக அழைக்கலாம். முப்பது ஆண்டுகள் ஒத்திகையின்றி விடியவிடியப் பதில் சொன்னவரைவிட இந்தப் பாடத்தை நடத்தத் தகுதியானவர் யார்? அவருக்கு நாற்காலி போட்டு, சம்பளம் கொடுத்து, 'அம்மா' என்று அழைக்க வேண்டும். நம் பெண்கள் அதைப் பார்க்க வேண்டும்.